காய்ச்சலா, மாத்திரையா? கர்ப்பகாலப் பாராசிட்டமாலும் பிள்ளையின் துறுதுறுப்பும்

ஐப்பசி மழையில் வடசென்னையின் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடித் தெருக்களில் தண்ணீர் தேங்கினால், அடுத்த இரண்டு வாரத்தில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருப்பார். மருந்துக்கடையில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று சொன்னால் போதும். மூன்று நிற மாத்திரைகளை அட்டையிலிருந்து கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று நீட்டிவிடுவார்கள். வாங்குகிறவர் ஆறு மாதக் கர்ப்பிணி என்றால் அந்தக் கவரில் எதற்குப் பயப்பட வேண்டும்? கர்ப்பத்தில் போடும் பாராசிட்டமாலையும் பிள்ளைக்கு வரும் ஆட்டிசம் என்ற மூளை வளர்ச்சிக் குறைபாட்டையும் முடிச்சுப்போட்டு அமெரிக்க அதிபர் டிரம்ப் 2025 செப்டம்பர் 22 அன்று பேசியதிலிருந்து, பலர் தப்பான மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

சந்தேகம் எழுந்ததில் தப்பில்லை. பாராசிட்டமால் சின்ன மூலக்கூறு. நஞ்சுக்கொடியைத் தடையில்லாமல் தாண்டும். தாயின் கல்லீரல் அதில் பெரும்பகுதியைக் கரையும் பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. சிறு பங்கு மட்டும் நச்சுப்பொருளாக மாறும். அதை குளுட்டாதயோன் என்ற பொருள் உடனே அடக்கிவிடும். சிசுவின் கல்லீரலில் இந்த வேலைகளில் சில இன்னும் முழுதாகத் தொடங்கியிருக்காது. போதாக்குறைக்கு, இந்த மருந்து உடம்பில் உடைந்து உண்டாகும் ஒரு பொருள், மூளையின் கன்னாபினாய்டு அமைப்பு (கஞ்சா வேலை செய்யும் அதே நரம்புச் செய்தி அமைப்பு) வழியாகவும் வலியைக் குறைப்பதாகக் கருதப்படுகிறது. வளரும் மூளையில் நரம்புகள் தங்கள் இடத்தைத் தேடிப் போகவும் அதே அமைப்பு உதவுகிறது. ஆக, பாதிக்க ஒரு வழி இருக்கலாம். ஆனால் இதற்கான ஆதாரங்களில் பெரும்பகுதி எலியிடமிருந்து வந்தவை.

மனிதர்களிடம் பார்த்ததில் டென்மார்க்கில் 2014-ல் வெளியான ஆய்வு முக்கியமானது. சுமார் 64,000 பிள்ளைகளைத் தொடர்ந்ததில், கர்ப்பத்தில் பாராசிட்டமால் போட்ட அம்மாக்களின் பிள்ளைகளுக்கு மிகைத்துறுதுறுப்புக் கோளாறு (ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு–துறுதுறுப்புக் கோளாற்றின் கடுமையான வகை) கண்டறியப்படும் வாய்ப்பு 37 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2016-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆய்வு, ஏழு வயதில் பிள்ளைகளின் அடங்காத்தனத்துக்கும் துறுதுறுப்புக்கும் இதேபோல் தொடர்பைக் காட்டியது. பிரசவத்துக்குப் பின் அம்மா போட்டதற்கோ, அப்பா போட்டதற்கோ அந்தத் தொடர்பு இல்லை. கருப்பையில்தான் ஏதோ நடக்கிறது என்று தோன்றத்தானே செய்யும்?

அடுத்த வருடமே நார்வேயிலிருந்து குட்டையைக் குழப்பும் முடிவு வந்தது. கர்ப்பத்தில் 29 நாளோ அதற்கு மேலோ மாத்திரை போட்ட அம்மாக்களின் பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. வாய்ப்பு இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதல். எட்டு நாளுக்கும் குறைவாகப் போட்டவர்களிடம் வாய்ப்பு ஏறவில்லை, சற்றுக் குறைவாகவே இருந்தது. கர்ப்பத்துக்கு முன்பு 29 நாளுக்கு மேல் மாத்திரை போட்ட அப்பாக்களின் பிள்ளைகளிடமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு! அப்பா விழுங்கிய மாத்திரைக்கு நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது? மாதக்கணக்கில் வலி மாத்திரை தேவைப்படுகிற உடம்பும், அதே குடும்பத்தில் ஓடும் மரபும் இதில் கலந்திருக்கலாம் என்பதற்கு இது நல்ல அடையாளம். ஏ.டி.எச்.டி. பெரும்பாலும் மரபுவழியில் வருவது. இரட்டையர் ஆய்வுகள் அந்தப் பங்கை 70 சதவீதத்துக்கு மேல் வைக்கின்றன.

மாத்திரையையும் குடும்பத்தையும் எப்படிப் பிரிப்பது? ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. பெரியவன் வயிற்றில் இருந்தபோது அம்மா மாத்திரை போட்டார், சின்னவள் இருந்தபோது போடவில்லை. வீடு ஒன்று, மரபு பாதிக்குப் பாதி பொது. மாத்திரைதான் காரணம் என்றால் பெரியவனிடம் மட்டும் அது கூடுதலாகத் தெரிய வேண்டும். சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் பிள்ளைகளை இப்படிப் பார்த்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணக் கணக்கில், பத்து வயதுக்குள் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள் மாத்திரை படாத ஆயிரத்தில் 13, பட்ட ஆயிரத்தில் 15. உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டதும் அந்த வித்தியாசம் மறைந்தது. ஏ.டி.எச்.டி.யிலும் அதே கதை.

இந்த ஆய்விலும் ஓட்டை உண்டு. சுவீடன் பதிவுகளில் பாராசிட்டமால் போட்டதாக இருந்தவர்கள் 7.5 சதவீதம்தான்; டென்மார்க்கிலோ பாதிக்கு மேல். கடையில் தானே வாங்கிப் போட்டது பல சமயம் பதிவில் ஏறாது. "போடாதவர்" கூட்டத்தில் போட்டவர்களும் கலந்துவிட்டால் இருக்கிற வித்தியாசமும் மங்கிப்போகும். அதனால் 'துளியும் பாதிப்பில்லை' என்று சத்தியம் செய்ய முடியாது. இருந்தாலும் மிகச் சின்னதாகத்தான் இருக்க முடியும் என்பதே எங்கள் கணிப்பு. மறுபக்கம் காய்ச்சல் சின்ன விஷயமில்லை. கரு உருவான முதல் 28 நாளில்தான் சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் மூடுகிறது. அப்போது அடிக்கும் கடும் காய்ச்சலுக்கும் தண்டுவடக் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டு.

இப்போது அந்தக் கவருக்கு வருவோம். அதில் பாராசிட்டமாலோடு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், மெஃபினமிக் அமிலம் இவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். பயம் இங்கேதான் வேண்டும். இருபதாவது வாரத்துக்குப் பின் பனிக்குட நீரில் பெரும்பகுதி சிசுவின் சிறுநீர். இவ்வகை மருந்துகள் சிசுவின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதால் நீர் வற்றுகிறது. சில சமயம் 48 மணி நேரத்திலேயே. அமெரிக்க மருந்து ஆணையம் 2020 அக்டோபரில் எச்சரித்தது இதைத்தான். முப்பது வாரத்தை ஒட்டி இன்னொரு ஆபத்தும் சேர்கிறது: ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் தாண்டிச் செல்ல சிசுவின் இதயத்தருகே இருக்கும் ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கிவிடலாம். வந்திருப்பது டெங்கு என்றால் ரத்தக்கசிவும் கூடும். 'கோம்பிஃப்ளாம்' பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் சேர்ந்தது. 'ஜீரோடால்-பி' என்றால் அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும். பெயரும் அளவும் அச்சிட்ட பக்கத்தைக் கத்தரித்துவிட்டு வெறும் வில்லையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

தனிப் பாராசிட்டமால் என்றால், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் 500 அல்லது 650 மில்லிகிராம், அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளின் உச்ச எல்லை 4 கிராம். எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு நாளில் விடாத காய்ச்சலுக்கு மூன்றாம் நாளும் மாத்திரை தேடாமல், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தலைவலி வேறு கதை. ஐந்து மாதத்துக்குப் பின் விடாத தலைவலியோடு கண் மங்குவதும், மேல்வயிறு வலிப்பதும், முகம் வீங்குவதும் சேர்ந்தால் முதலில் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம். மாத்திரை வலியை அமுக்கும், அழுத்தத்தை அல்ல.

இவ்வளவையும் படித்துவிட்டு, ரத்த அழுத்தம் ஏறாமலிருக்க டாக்டர் எழுதிய 75 அல்லது 150 மில்லிகிராம் ஆஸ்பிரினையும் வலி மாத்திரைக் கணக்கில் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சின்ன அளவு நஞ்சுக்கொடியின் ரத்தஓட்டத்துக்காகக் கொடுப்பது. எந்த வாரத்தில் நிறுத்துவது என்பதை அவரே சொல்வார்.