இரவு விடுதிகளில் தீ: பூட்டிய பின்கதவும் கூரையில் ஒட்டிய ஃபோமும்

இரவு விடுதிகள், லவுஞ்சுகள், நேரடி இசை அரங்குகள் ஆகியவற்றின் தீப் பாதுகாப்பைத் தணிக்கை செய்வது என் தொழில். இப்பணிக்கு நான் பெரும்பாலும் பகலில்தான் செல்வேன். இரவில் வண்ண விளக்குகளும் செயற்கைப் புகையும் மறைத்துவிடும் பலவற்றைப் பகலில் எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்த்தால் எளிதில் கண்டுவிடலாம்: மேடைக்குப் பின்னாலுள்ள கதவின் முன் அடுக்கி வைத்த ஸ்பீக்கர் பெட்டிகள், வெளியேறும் வழியைக் காட்டும் பச்சைப் பலகையைப் பாதி மறைத்து நிற்கும் எல்இடி திரை, கை பட்டவுடன் திறந்துகொள்ள வேண்டிய கதவின் தள்ளுகம்பியைச் சுற்றி இறுக்கிய பிளாஸ்டிக் பட்டை. இவையெல்லாம் கவனக்குறைவு என்று தோன்றும். ஆனால் விசாரித்தால் ஒவ்வொன்றுக்கும் நிர்வாகத்திடம் ஒரு காரணம் இருக்கும்; அது கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். டிக்கெட் இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது, பில் கட்டாமல் யாரும் வெளியே போகக் கூடாது, சத்தம் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்யக் கூடாது. சாதாரணமான இந்த மூன்று வணிகக் கவலைகளுக்கும், கடந்த எண்பது ஆண்டுகளில் இரவு விடுதித் தீ விபத்துகளில் நூற்றுக்கணக்கானோர் ஒரே இரவில் இறந்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

முதலில் கதவை எடுத்துக்கொள்வோம். 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்த கோகோநட் குரோவ் விடுதியில் 492 பேர் இறந்தார்கள். 460 பேருக்கு அனுமதி பெற்றிருந்த இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர். முன்வாசலில் இருந்தது ஒரேயொரு சுழல்கதவு; இரு பக்கமிருந்தும் ஆட்கள் நெருக்கித் தள்ளியதில் அது அசையாமல் நின்றுவிட்டது. பணம் கொடுக்காமல் வாடிக்கையாளர்கள் நழுவிவிடக் கூடாதென்று பக்கவாட்டுக் கதவுகளில் சில முன்பே தாழிடப்பட்டிருந்தன. சுழல்கதவு வைத்தால் அதன் பக்கத்திலேயே வெளிப்புறமாகத் திறக்கும் சாதாரணக் கதவும் இருக்க வேண்டும் என்ற விதி இந்த விபத்துக்குப் பிறகுதான் பரவலாயிற்று. அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 30 அன்று, புவெனஸ் அயர்ஸ் நகரின் குரோமாஞோன் இசையரங்கில் 194 பேர் இறந்தபோது, அங்கும் ஓர் அவசரக் கதவு பூட்டப்பட்டிருந்தது. டிக்கெட் இல்லாதவர்கள் அதன் வழியே நுழைந்துவிடுவார்கள் என்பது அதற்கான காரணம். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாண்டா மரியா நகரில் கிஸ் விடுதி எரிந்து 242 பேர் மாண்டார்கள். அங்கே வெளியேற ஒரே வழிதான் இருந்தது. உள்ளே தீப்பிடித்ததை அறியாத காவலாளிகள், பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று எண்ணித் தொடக்கத்தில் கூட்டத்தைத் தடுத்ததாகத் தப்பியவர்கள் கூறினார்கள்.

எனவே வெளியேறும்போது கணக்கைத் தீர்க்கும் முறை எந்த விடுதியில் இருந்தாலும் நான் அதையே முதலில் கேள்விக்கு உட்படுத்துகிறேன். இது கணக்குத் துறையின் வேலை அல்லவா என்று மேலாளர்கள் வியப்பதுண்டு. நுழையும்போதே பணம் வாங்கிக்கொண்டு டோக்கன் தரலாம்; ஒவ்வொரு முறையும் ஆர்டர் கொடுக்கும்போதே பணம் வாங்கலாம். இவற்றில் எதைச் செய்தாலும் வாசலில் நிற்கும் பவுன்சருக்கு ஓடிவருபவரைத் தடுக்க வேண்டிய தேவை இராது. பின்கதவு வழியே ஆட்கள் களவாக நுழைவது உண்மையான தொல்லைதான். அதற்குப் பூட்டு தேவையில்லை. திறந்தவுடன் உரக்க ஒலியெழுப்பும் கதவு அலாரமும், வெளிப்புறத்தில் பிடியில்லாமல் உள்ளிருந்து மட்டும் தள்ளித் திறக்கக்கூடிய கதவும் போதும். இதற்காகும் செலவு ஒரு நல்ல மைக்கின் விலையைவிடப் பெரிதாக இராது.

அடுத்தது ஒலி. இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நான் பார்க்கும் இடங்களில் மிகுதியாக இருப்பதும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பதும் இந்த ஆபத்துதான். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், வெஸ்ட் வாரிக் என்னும் ஊரிலிருந்த தி ஸ்டேஷன் விடுதியில், இசைக்குழு தன் முதல் பாடலைத் தொடங்கியபோது மேடையில் வாணப்பொறிகள் பற்றவைக்கப்பட்டன. மேடையைச் சுற்றிச் சுவரில் ஒட்டியிருந்த, பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன ஃபோமில் பொறி பட்டுத் தீ எழுந்தது. 100 பேர் இறந்தார்கள். அந்த ஃபோம் அங்கே வந்ததற்குக் காரணம் அண்டைவீட்டாரின் சத்தப் புகார். கிஸ் விடுதியிலும் மேடைக்கு மேலிருந்த ஃபோமில்தான் தீப் பிடித்தது.

வருத்தத்திற்குரியது என்னவென்றால், அந்த ஃபோம் தான் வாங்கப்பட்ட வேலையைக்கூடச் செய்வதில்லை. முட்டைத் தட்டு வடிவிலுள்ள இலேசான ஃபோம், அறைக்குள் ஒலி எதிரொலிப்பதைக் குறைக்கும். சுவரைத் தாண்டி வெளியே செல்லும் ஒலியை அது ஏறக்குறைய தடுப்பதே இல்லை. பக்கத்து வீட்டாரை எரிச்சலூட்டுவது பெரும்பாலும் 'பாஸ்' எனப்படும் தாழ்ந்த, அதிரும் ஒலி. அதைத் தடுக்கக் கனம் வேண்டும். செங்கல், இரட்டை அடுக்கு ஜிப்சம் பலகை, அவற்றுக்கிடையே காற்றிடைவெளி, அந்த இடைவெளியில் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) அல்லது கிளாஸ்வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு), கதவுச் சந்துகளில் இறுக்கமான சீல் ஆகியவையே அதற்கு உதவும். இவற்றில் ஜிப்சமும் ராக்வூலும் எளிதில் எரியாதவை. ஆக, பணத்தைச் சரியான இடத்தில் செலவிட்டால் புகாரும் குறையும், தீயும் குறையும். இந்த ஒன்றைப் புரியவைத்துவிட்டால் உரிமையாளர்கள் மற்றவற்றையும் கேட்கத் தொடங்குகிறார்கள் என்பது என் அனுபவம்.

பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவருகிறது. சுடர் எட்டாத தொலைவில் நிற்பவரும் சில மூச்சுகளில் நிலைகுலைந்து விழுவது இதனால்தான். 'இது தீப்பிடிக்காத ரகம்' என்று விற்பனையாளர் ஒரு சிறு துண்டைத் தீக்குச்சியில் காட்டி அணைத்துக் காண்பிப்பார். ஒரு துண்டில் அணைவது கூரை முழுவதும் அணையும் என்பதற்கு அத்தாட்சி அல்ல. தீத்தடுப்பு வேதிப்பொருள் சேர்த்த ஃபோமும் தீ பெரிதானால் எரியும். நான் கூரைக்கு ஏணி வைத்து ஏறி ஃபோமின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்ப்பது வழக்கம். பழைய பாலியூரித்தேன் மஞ்சளித்து, தொட்டால் மாவாக உதிரும். அதன் பின்னால் பசை காய்ந்து பாளம்பாளமாகத் தொங்கும். தாளில் எந்தச் சான்றிதழ் இருந்தாலும், அந்தச் சான்றிதழில் உள்ள பொருளும் கூரையில் உள்ள பொருளும் ஒன்றுதானா என்பதை அங்கேதான் அறிய முடியும். பழுதான பகுதிக்கு மட்டும் கடையில் கிடைத்த பேக்கிங் ஃபோமை வெட்டி ஒட்டியிருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

காலம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். தி ஸ்டேஷன் விபத்தை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகம், தீப் பற்றியதிலிருந்து ஏறத்தாழ 90 விநாடிகளில் நடனத் தளத்தில் உயிர்பிழைக்க முடியாத நிலை வந்துவிட்டதாகக் கணித்தது. ஒரு மீட்டர் அகலக் கதவின் வழியே, நெரிசலின்றி நடந்தால், நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் வெளியேறலாம் என்பது வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் அளவு. 400 பேர் உள்ள அரங்கில் அப்படி ஒரு கதவு மட்டுமே இருந்தால் ஐந்து நிமிடம் ஆகும். 90 விநாடிகளில் 120 பேர்தான் வெளியே வந்திருப்பார்கள். அதுவும் யாரும் தடுக்கி விழாவிட்டால். தி ஸ்டேஷனில் நான்கு வழிகள் இருந்தன. இருந்தும் பெரும்பாலோர் தாம் உள்ளே வந்த முன்வாசலையே நாடினார்கள், அங்கே ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வாசல் அடைபட்டது. மனிதர் வந்த வழியே திரும்புவது இயல்பு. அதைப் பயிற்சியால் மாற்றிவிடலாம் என்று நம்புவதைவிட அதற்கேற்பக் கட்டுவதே அறிவுடைமை. அதனால்தான் என்எஃப்பிஏ 101 என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நெறி, புதிதாகக் கட்டும் இத்தகைய இடங்களில் முதன்மை வாசலே மொத்தக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாங்க வேண்டும் என்கிறது. 100 பேருக்கு மேல் கூடும் பழைய விடுதிகளிலும் ஸ்பிரிங்க்ளர், அதாவது தீயின் வெப்பத்தில் தானாகவே நீர் தெளிக்கும் அமைப்பு, வேண்டும் என்கிறது. அந்த ஆய்வகம் மேடையின் மாதிரியைக் கட்டி ஸ்பிரிங்க்ளருடன் எரித்துப் பார்த்தபோது, அங்கிருப்பவர்கள் தப்பிக்கக்கூடிய நிலை நீடித்தது.

பல அரங்குகளில் புகை உணரிகள் இருக்கும். நிகழ்ச்சி நேரத்தில் அவை வேலை செய்யா. மேடைப் புகை இயந்திரம் அவற்றைத் தூண்டிப் பொய் அலாரம் எழுப்பும் என்பதால் பிளாஸ்டிக் உறை மாட்டியோ, கட்டுப்பாட்டுப் பெட்டியில் துண்டித்தோ வைத்துவிடுகிறார்கள். கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் உணரி உறங்குகிறது. புகைக்குப் பதில் வெப்பத்தை உணரும் கருவி, அல்லது பல அளவுகளைச் சேர்த்து உணரும் கருவி வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். துண்டித்தே ஆக வேண்டுமென்றால் அந்த நேரம் முழுவதும் கூரையைக் கவனிப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் ஆள் நிற்க வேண்டும். பானம் பரிமாறிக்கொண்டே கவனிக்கும் ஆள் அதற்கு உதவமாட்டார். 'கோல்டு பைரோ' என்று விற்கப்படும் பொறி இயந்திரங்களையும் பாட்டிலில் செருகிக் கொண்டுவரும் மத்தாப்புகளையும், தாழ்ந்த கூரையுள்ள மூடிய அரங்கில் நான் எந்த நிபந்தனையோடும் ஏற்பதில்லை. பெயரில் குளிர்ச்சி இருப்பதால் பொறி குளிர்ந்துவிடாது.

வாடிக்கையாளராகச் செல்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. நுழைந்தவுடன் இரண்டாவது வழி எது என்று பார்த்து, முடிந்தால் அதுவரை நடந்து பாருங்கள்; பெட்டிகள் அடைத்திருந்தால் மேலாளரிடம் கேளுங்கள், சரிசெய்யாவிட்டால் வெளியேறுங்கள். கழிப்பறை எங்கே என்பதைத் தனியாக நினைவில் வையுங்கள், அங்கே ஓடக் கூடாது என்பதற்காக. கிஸ் விடுதியில் கழிப்பறையை வெளிவாசல் என்றெண்ணி ஓடியவர்கள் பலர் அங்கேயே இறந்தார்கள். 2017 டிசம்பரில் மும்பையின் கமலா மில்ஸ் வளாகத்தில் இறந்த 14 பேரில் பெரும்பாலோரும் கழிப்பறையில் ஒதுங்கியவர்கள்தாம். கூரையில் சுடர் தெரிந்தால் அதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று எண்ணிக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அறிவிப்புக்குக் காத்திருக்கவும் வேண்டாம். பானத்தையும் பையையும் விட்டுவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

அறிவிப்பு என்றதும், பலரும் மறந்துவிடுகிற ஒருவரைக் குறிப்பிட வேண்டும்: ஒலிப் பொறியாளர். நூறு டெசிபல் இசையில் தீ அலாரம் யார் காதிலும் விழாது. அலாரம் ஒலித்தால் ஒலியமைப்பு தானாகவே அடங்கி, அரங்க விளக்குகள் அனைத்தும் எரியும்படி இணைப்புக் கொடுக்க முடியும். இல்லாத இடங்களில் அந்தப் பொறுப்பு, மிக்ஸர் எனப்படும் ஒலிக் கட்டுப்பாட்டு மேசையின் முன் அமர்ந்திருப்பவருக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். கூட்டம் முழுவதற்கும் கேட்கும் ஒரே மைக் அவர் கையில்தான் இருக்கிறது. அதில் சொல்ல வேண்டிய வாசகத்தை முன்கூட்டியே எழுதி மிக்ஸரில் ஒட்டிவைக்கச் சொல்கிறேன்: "நிகழ்ச்சி நின்றுவிட்டது. கட்டடத்தில் தீ. மேடைக்கு இடப்பக்கக் கதவும் பின்கதவும் திறந்திருக்கின்றன. அருகிலுள்ள கதவு வழியே இப்போதே வெளியேறுங்கள்." அந்தக் கதவுகள் உண்மையிலேயே திறந்திருக்கின்றனவா என்பதை ஒவ்வோர் இரவும் வாசல் திறப்பதற்கு முன் ஒருவர் தள்ளிப் பார்த்து, நேரத்தையும் தன் கையெழுத்தையும் பதிவேட்டில் இட வேண்டும். தணிக்கைக்குச் செல்லும்போது நான் முதலில் கேட்டு வாங்கும் ஆவணம் அந்தப் பதிவேடுதான். பல மாதப் பக்கங்கள் ஒரே பேனாவில் ஒரே நாளில் நிரப்பப்பட்டவையா என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.