தூக்கிக் கட்டிய டிரக்கில் டீசல் எங்கே போகிறது?

அமெரிக்காவில், அதுவும் டெக்சாஸ், கொலராடோ பக்கம், பெரிய டீசல் பிக்கப் வாங்குகிறவர்களில் பலர் அதை அப்படியே ஓட்டுவதில்லை. ஸ்பிரிங்கை மாற்றி நாலு, ஆறு அங்குலம் தூக்கிக் கட்டி, 33 அங்குல டயர் இருந்த இடத்தில் 37 அங்குல டயரை மாட்டுகிறார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். அடுத்த தடவை டேங்கை நிரப்பும்போது மைலேஜ் விழுந்திருக்கும். உடனே எஞ்சினைச் சந்தேகிப்பார்கள். ராம் 2500 என்ற பிக்கப்பில் வரும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் மாதிரியான டீசல் எஞ்சின் மேல் பெரும்பாலும் எந்தத் தப்பும் இருக்காது. முதலில் பார்க்க வேண்டியது மீட்டரை.

ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் எண்ணுகிறது. 33 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 263 செ.மீ. போகும், 37 அங்குல டயர் 295 செ.மீ. போகும். மீட்டருக்கு இது தெரியாது. அது 400 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 448 மைல் ஓடியிருக்கும். அதற்கு 32 கேலன் டீசல் செலவானது என்று வையுங்கள். மீட்டரை நம்பினால் கேலனுக்கு 12.5 மைல், உண்மையில் 14 மைல். இழந்ததாக நினைத்ததில் ஒரு பகுதி இழக்கவே இல்லை.

இதே பிழை இன்னொரு பக்கம் நிஜமாகவே டீசலைக் குடிக்கிறது. ஸ்பீடாமீட்டர் 65 மைல் காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 73 மைல் வேகத்தில் பறக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி கூடும் என்பதால், எட்டு மைல் வித்தியாசத்துக்கே அது கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். ஓட்டுகிறவரோ நிதானமாகப் போவதாக நினைத்துக்கொண்டிருப்பார். புது டயர் அளவை வண்டியின் கணினியில் பதிவு செய்வதுதான் முதல் வேலை. அதிகச் செலவும் கிடையாது.

சரி, காற்றுக்கு வருவோம். தூக்கிக் கட்டிய டிரக்குக்கு முன்னால் மண்டியிட்டு, பம்பருக்கு அடியில் குனிந்து பாருங்கள். குறுக்கே ஆக்சில் குழாய், அதில் பூசணிக்காய் மாதிரி புடைத்த டிஃபரென்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி), ஷாக் அப்சார்பர்கள், கியர்பாக்ஸ், சைலன்சர் குழாய் என எல்லாம் திறந்து கிடக்கும். மேலே வழவழப்பான பானட்டில் வழுக்கிப் போகும் காற்று, இங்கே ஒவ்வொன்றிலும் முட்டிச் சுழல்கிறது. அந்தச் சுழல்களை உண்டாக்கும் சக்தி டீசலிலிருந்துதான் வருகிறது. பம்பருக்குக் கீழே கம்பெனி வைத்திருக்கும் பிளாஸ்டிக் தடுப்பு காற்றை அடியில் நுழையவிடாமல் ஒதுக்கத்தான் இருக்கிறது. பலர் அழகுக்காக அதைக் கழற்றிவிடுகிறார்கள். திரும்ப மாட்டுங்கள், முடிந்தால் கொஞ்சம் கீழே இறக்கி மாட்டுங்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள ராம் 1500 நெடுஞ்சாலை வேகத்தில் தன்னைத்தானே சற்றுத் தாழ்த்திக்கொள்வதும் இதற்காகத்தான்.

பின்கதவைத் திறந்து போட்டால் மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை சரியல்ல. கதவு மூடியிருக்கும்போது பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் அடங்கி நிற்கும்; மேலே வரும் காற்று அதன்மேல் ஏறி நழுவிப் போய்விடும்.

அடுத்தது டயர். சேற்றுக்கான டயரின் கனத்த கட்டைகள் தார்ச்சாலையில் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கின்றன. அந்த நெளிவுக்குப் போன சக்தி சூடாக வெளியேறுகிறது, திரும்பி வராது. காற்று குறைந்தால் நெளிவு கூடும். மணலில் ஓட்டக் காற்றை இறக்கிவிட்டு, திரும்ப அடிக்காமலே ஊர் வரை வருவது சாதாரணமாக நடக்கிற தவறு. இன்னொன்று அலைன்மென்ட். தூக்கிக் கட்டிய பிறகு சரிபார்க்காவிட்டால் முன்சக்கரங்கள் லேசாகக் கோணி நின்று, உருளும்போதே பக்கவாட்டில் தேயும். டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப்பல் மாதிரி குத்தினால் அலைன்மென்ட் சரியில்லை என்று அர்த்தம்.

ஆக்சில் கியர் மாற்றுவது செலவு பிடித்த வேலை. 3.73 விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற அதை ஓட்டும் தண்டு 3.73 சுற்று சுற்றுவது, பெரிய டயரால் 3.33 போல ஆகிவிடும், 4.10 போட்டால் பழைய நிலைக்குப் பக்கத்தில் வரும். டிரெய்லர் கட்டி ராக்கி மலை ஏறுகிறவருக்கு அது தேவைப்படலாம். கான்சாஸ் சமவெளியில் வெறும் வண்டி ஓட்டுகிறவருக்கு அந்தப் பணம் வீண் என்பேன். குறைந்த சுற்றிலேயே டீசல் எஞ்சின் நன்றாக இழுக்கும்.

புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டால் மைலேஜ் கூடும் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் அது சட்டவிரோதம், அந்தக் கரி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும். வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க எஞ்சின் அவ்வப்போது கூடுதல் டீசலைப் பீய்ச்சி, 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுகிறது. குட்டிக் குட்டி ஓட்டமாக ஓட்டி, எரிப்பது பாதியில் நின்றால் அந்த டீசல் வீண். வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டினால் அது முழுசாக எரிந்து முடியும்.

இவற்றில் எதைச் செய்தாலும் ஒரே பங்க், ஒரே பம்ப், அது தானாக நிற்கும் வரை நிரப்பி, தூரத்தை ஜிபிஎஸ்ஸில் எடுங்கள். ஒரு டேங்க் கணக்கு போதாது, எதிர்க்காற்றே அதை மாற்றிவிடும். மூன்று நான்கு டேங்க் ஓட்டிவிட்டு அப்புறம் பாருங்கள்.