மணிக்கு, வரை, க்குள்: ஆங்கிலத்தில் நேரம் சொல்வது எப்படி?

'ஐந்து மணிக்கு', 'ஜூலையில்' என்று தமிழில் உருபு சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'திங்கட்கிழமை வா' என்பதில் அதுவும் கிடையாது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் பிரிப்பொசிஷன் முன்னால் நிற்கும்.

கடிகார நேரத்துக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதம், வருடத்துக்கு 'இன்'. 'இன் த மார்னிங்' சரி, ஆனால் இரவுக்கு 'அட் நைட்'. கிழமையும் சேர்ந்தால் கிழமையே ஜெயிக்கும்: 'ஆன் மண்டே மார்னிங்'. நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி வந்துவிட்டால் எதுவுமே வேண்டாம். 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' பிழை.

'பை', 'அன்டில்' இரண்டும் குழப்பினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஐந்து மணிக்குள் அனுப்பு' என்றால் 'பை ஃபைவ்'. 'ஐந்து மணி வரை காத்திரு' என்றால் 'அன்டில் ஃபைவ்'. 'க்குள்' கெடு, 'வரை' தொடர்ச்சி. இந்த இடத்தில் தமிழ் நல்ல வழிகாட்டி.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 'இரண்டு நாளில் பதில் தருகிறேன்' என்று நினைத்து 'இன் டூ டேஸ்' என்று எழுதினால், படிப்பவர் பெரும்பாலும் 'இரண்டு நாள் கழித்து' என்றே எடுத்துக்கொள்வார். அதற்குள் தருவதானால் 'வித்தின் டூ டேஸ்'.

அதிகம் காதில் விழும் பிழை, 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்'. இதில் தவறு இரண்டு. 'இரண்டு வருடமாக' என்பது கால அளவு, அதற்கு 'ஃபார்'. தொடங்கிய புள்ளிக்குத்தான் 'சின்ஸ்' (சின்ஸ் 2022). அன்று தொடங்கி இன்றும் நடப்பதால் வினையும் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' ஆக வேண்டும்.

இனி கமா. அமெரிக்க முறையில் 'மண்டே, ஜூலை 1, 2024' என்று எழுதி, வாக்கியம் தொடர்ந்தால் வருடத்துக்குப் பிறகும் ஒரு கமா. பலரும் விடுவது இந்தக் கடைசிக் கமாவைத்தான். பிரிட்டிஷ் முறையின் '1 ஜூலை 2024'க்குள் கமா இல்லை. மாதமும் வருடமும் மட்டும் என்றால் இரண்டு முறையிலும் வழக்கமாக இல்லை.

வாக்கியத்தின் தொடக்கத்தில் 'இன் 2019' போன்ற குட்டித் தொடர் வந்தால் கமா உங்கள் விருப்பம். அடுத்து இன்னொரு எண் வந்தால் கட்டாயம்: 'இன் 2019, 300 பீப்பிள்'. 'வென்', 'ஆஃப்டர்' தொடங்கும் துணை வாக்கியம் முன்னால் வந்தால் கமா போடுங்கள். 'வென் வி லெஃப்ட் த ரெயின் ஸ்டார்ட்டட்' என்பதில் 'மழையை விட்டுவிட்டு' என்று படித்துவிட்டு, கண் திரும்பி வரும். 'லெஃப்ட்'டுக்குப் பின் ஒரு கமா போட்டால் தீர்ந்தது. அதே துணை வாக்கியம் பின்னால் போனால் பொதுவாகக் கமா வேண்டாம்.