லங்கர்னா அன்னதானமா? யார் சொன்னது?

சீக்கியக் கோயில்கள்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுற பொதுச் சாப்பாட்டுக்குப் பேரு லங்கர். நேத்தும் டிவில ஒருத்தர் அமிர்தசரஸ் பொற்கோயிலைக் காட்டிட்டு "இங்க தினமும் அம்பதாயிரம் பேருக்கு மேல அன்னதானம்"னு உருகிட்டு இருந்தார். எத்தனாவது தடவை கேக்குறேன்னு எண்றத விட்டுட்டேன்.

லங்கர் பாரசீகச் சொல். கப்பல் நங்கூரத்துக்கும் அதே பேர், எல்லாருக்கும் சோறு போடுற சமையல் கூடத்துக்கும் அதே பேர். சூஃபி மடங்கள்ல முன்னாடியே இருந்த வழக்கம், சீக்கியத்தோட முதல் குரு, குருநானக் கர்தார்பூர்ல ஆரம்பிச்சத அடுத்து வந்த குருமார்கள் பெருசாக்குனாங்க. நம்ம நங்கூரமும் இந்த லங்கர்தான், ல போய் ந வந்துருச்சு. வேர் அவ்ளோதான்.

இப்ப அன்னதானத்துக்கு வருவோம். தானம்னா கொடுக்குறவன் ஒருத்தன், கை நீட்டுறவன் ஒருத்தன், நடுவுல புண்ணியம், பக்கத்துல உபயதாரர் பேரு போட்ட பலகை. லங்கர்ல இது எதுவுமே இல்ல. சீக்கியர்கள் வருமானத்துல பத்துல ஒரு பங்கு, தசவந்த்னு கொடுக்குறாங்க, அந்தக் காசுல சாமான் வருது, வந்தவங்களே உக்காந்து வெங்காயம் உரிக்கிறாங்க, ரொட்டி தேய்க்கிறாங்க, சாப்பிட்டு எந்திரிச்சவரு போய் அடுத்தவர் தட்டைக் கழுவுறாரு, இதுல யாரு தானம் பண்ணா யாரு வாங்குனா? பசிச்சவனுக்கு மட்டும்னும் கிடையாது. மூணாவது குரு, குரு அமர்தாஸ், கோயிந்த்வால்ங்கற ஊர்ல போட்ட விதியே முதல்ல பங்கத், அப்புறம்தான் சங்கத், அதாவது வரிசைல தரையில உக்காந்து சாப்பிட்டாத்தான் குருவைப் பாக்கலாம். அக்பரே அப்படி உக்காந்தார்னு சீக்கிய மரபு சொல்லுது. அக்பருக்கு அன்னதானம்னு எழுதிப் பாருங்க, நல்லாவா இருக்கு?

தனித்தமிழ் ஆளுங்க கிட்ட சொன்னா உடனே "உணவுக்கொடை"ன்னு மாத்தித் தர்றாங்க. அய்யா, கோளாறு வடமொழியில இல்ல, தானத்துல இருக்கு, அதைக் கொடைன்னு தமிழாக்குனா தப்பு சுத்தத் தமிழ்ல வரும், அவ்ளோதான். இன்னொரு கூட்டம் வள்ளலாரோட தருமசாலையைச் சொல்லுது. 1867ல வடலூர்ல மூட்டுன அடுப்பு இன்னும் எரியுது, அது பெரிய விஷயம்தான், ஆனா அது பசிப்பிணி தீர்க்க வந்தது. லங்கரோட குறி பசி மட்டும் இல்ல, யார் பக்கத்துல யார் உக்காருறாங்கங்கறதும்தான்.

அதுக்கு நம்ம கிட்ட ரெடியா சொல் இருக்கே, சமபந்தி. சாமித்தோப்புல அய்யா வைகுண்டர் 19ஆம் நூற்றாண்டுல எல்லா சாதியையும் ஒண்ணா உக்கார வச்சு சாப்பிட வச்சது இதுதான். பந்தியே பங்க்திங்கற சமஸ்கிருதச் சொல்லுல இருந்து வந்ததுதானேன்னு யாராவது பாய்வாங்க. ஆமா, பஞ்சாபியோட பங்கத்தும் அங்கருந்துதான் வந்துச்சு, ரெண்டும் அக்கா தங்கச்சி, இதுக்கு மேல பொருத்தம் என்ன வேணும்? நம்ம ஊர்ல பந்தி சாதிக்கு ஒண்ணா இருந்ததால சம போட வேண்டியிருக்கு. ஒரு குறை என்னன்னா லங்கர்ங்கறது சமையல் கூடம், சாப்பாடு ரெண்டையும் குறிக்கும், சமபந்தி அடுப்பு வரைக்கும் போகாது. இடத்தைச் சொல்லும்போது சமபந்திக் கூடம்னு எழுதிக்கலாம், இல்ல லங்கர்னே எழுதிட்டுப் போங்க, ஒண்ணும் குடி முழுகிடாது.

இன்னொரு எரிச்சல், லங்கரைப் "பிரசாதம்"னு எழுதுறது. கோதுமை மாவு, நெய், சர்க்கரை சம அளவு போட்டு அல்வா மாதிரி கிண்டுற கடா பிரசாத்தான் பிரசாதம், அது வேற. லங்கர்ல ரொட்டிக்கு பர்ஷாதான்னு பேரு, ரெண்டு கையும் ஏந்தித்தான் வாங்கணும், அந்தப் பேரைக் கேட்டுக் குழம்பிட்டாங்க போல. ஆனா அஞ்சாவது குரு, குரு அர்ஜன் தேவ் உயிர்த்தியாகத்தை நினைச்சு வெயில் காலத்துல ரோட்டோரம் இனிப்புப் பால்தண்ணி கொடுக்குற சபீலை "இலவச குளிர்பான விநியோகம்"னு எழுதுனவரை மட்டும் என்னால மன்னிக்க முடியல, தண்ணீர்ப்பந்தல்னு ஒரு சொல் இருக்கறது அவருக்குத் தெரியாதா?

பஞ்சாபில லங்கரை சாதாரணமா "சாப்பிடு"ன்னு சொல்ல மாட்டாங்க, அதுக்குன்னே மரியாதையா ஒரு வினை வச்சிருக்காங்க, "லங்கர் சகோ ஜி"ம்பாங்க (இந்த சகோ நம்ம சகோதரர் இல்ல, அந்த வினைதான்). சப்டைட்டில்ல "இலவச உணவு உண்ணவும்"னு ஓடுது. பந்தில உக்காருங்கன்னு போட்டா என்னவாம்?