மேலே கல்லாய் ஐஸ், கீழே திரிந்த பால்

போன ஆனி மாதம் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் ஆழ்வார்குறிச்சியிலிருந்து மைனி போன் செய்தார். "தம்பி, ஃபிரிட்ஜுல மேல வச்ச பட்டாணி கல்லு மாதிரிதான் கெடக்கு. கீழ வச்ச பாலு மட்டும் திரிஞ்சு திரிஞ்சு போவுது. தோசை மாவு பொங்கி வழியுது. பாக்க வந்தவுக கேஸ் போயிட்டு, கேஸ் போட்டாத்தான் சரியாவும்ங்காவ."

நான் ஒன்றுதான் கேட்டேன். "போன மாசம் ஊருக்குப் போனப்ப ஃபிரிட்ஜை அணைச்சுட்டுப் போனீகல்லா, வந்து போட்டப்புறம் எப்படி இருந்துது?"

"பத்து நாள் நல்லாத்தான் இருந்துது."

பாதி விடை அதிலேயே இருக்கிறது. குழாய்க்குள் ஓடிக் குளிர்விக்கும் கேஸ் கசிந்து குறைந்திருந்தால், இரண்டு நாள் அணைத்து வைத்ததால் அது திரும்பி வரப்போவதில்லை. அணைத்து வைத்தபோது உருகிப்போன ஏதோ ஒன்றுதான் கீழே குளிர் போகவிடாமல் தடுத்திருக்கிறது.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ்களில் குளிரை உண்டாக்கும் கூலிங் காயில் பெரும்பாலும் ஒன்றுதான். அது ஃபிரீசரின் பின்பக்கம், பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் இருக்கும். அலுமினியத் துடுப்புகள் நெருக்கமாக அடுக்கிய குழாய் அது. சிறிய மின்விசிறி ஒன்று அந்தத் துடுப்புகளின் ஊடே காற்றை இழுத்து, ஒரு பங்கை ஃபிரீசருக்கும் இன்னொரு பங்கை ஒரு குறுகிய பாதை வழியாகக் கீழ் அறைக்கும் தள்ளுகிறது. கீழே பால் கெடாமல் இருப்பது இந்தக் காற்றோட்டத்தால்தான். துடுப்புகளின் இடைவெளி அடைத்துக்கொண்டால், காயிலை ஒட்டியிருக்கும் ஃபிரீசர் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். கீழ் அறைதான் முதலில் சூடாகும்.

அடைப்பது பனி. அந்தப் பனி நாம் கதவைத் திறக்கும்போது உள்ளே போகிற ஈரத்திலிருந்து வருகிறது. வெயில் காலத்தில்தான் ஃபிரிட்ஜுக்குக் கஷ்டம் என்று நினைக்கிறோம். கம்ப்ரசருக்கு அது சரி, காயிலுக்கு அப்படியில்லை. அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் நீராவி இருக்கும். சாரல் அடிக்கும் ஆழ்வார்குறிச்சியில் 25 டிகிரியில் காற்று ஈரம் நிறைந்து நின்றால் அது 23 கிராம். மைனஸ் 18 டிகிரியில் காற்றால் 1 கிராம் அளவுதான் தாங்க முடியும். மிச்சம் அத்தனையும் காயிலில் வெள்ளையாகப் படிந்துவிடும். மூடாமல் வைத்த சூடான சாம்பாரும் இதில் சேரும்.

இதை உருக்கத்தான் காயிலுக்குக் கீழே ஒரு ஹீட்டர் இருக்கிறது. கம்ப்ரசர் சில மணி நேரம் ஓடியதும், ஃபிரிட்ஜைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டு அதை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போடும். பனி உருகி, கீழே உள்ள துளை வழியாக இறங்கி, கம்ப்ரசருக்கு மேலிருக்கும் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். காயிலில் அரை கிலோ பனி, ஹீட்டர் 200 வாட் என்றால், அத்தனை சூடும் பனிக்கே போனாலும் 14 நிமிடம் ஆகும். நடைமுறையில் அதைவிடக் கூடும்.

சரி, பனி முழுக்க உருகிவிட்டது என்று போர்டுக்கு யார் சொல்வது? பழைய மாடல்களில் பைமெட்டல் என்ற ஒரு தகடு அந்த வேலையைச் செய்தது. இப்போது காயிலின் மேல்பகுதியில் செருகியிருக்கும் விரல் நுனி அளவுச் சென்சார்தான் செய்கிறது. அது ஒரு என்.டி.சி. தெர்மிஸ்டர். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். பனி இருக்கும்வரை காயிலின் சூடு 0 டிகிரியைத் தாண்டி எளிதில் ஏறாது. எல்லாம் உருகிய பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். சென்சார் சுமார் 10 டிகிரி என்று காட்டினால் போர்டு ஹீட்டரை அணைத்துவிடும். அணைக்கும் அளவு மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

ஆழ்வார்குறிச்சிக்குப் போனதும் முதலில் ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டைப் பார்த்தேன். சாரல் மாதத்தில் அது காய்ந்து கிடந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்தேன். ஹீட்டரில் 230 வோல்ட் ஓடும், போர்டிலும் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். அப்புறம் ஃபிரீசரின் பின்தகட்டைக் கழற்றினோம். காயில் முழுவதும், மூலைக்கு மூலை, ஒரே சீராக வெள்ளை. துடுப்பே தெரியவில்லை.

இந்தச் சீரான வெள்ளைதான் கேஸ் போனதற்கும், டீஃப்ராஸ்ட் என்கிற இந்தப் பனி உருக்கும் ஏற்பாடு கெட்டதற்கும் உள்ள வித்தியாசம். கேஸ் குறைந்தால், அது காயிலுக்குள் நுழைகிற முனையில் மட்டும் கொஞ்சம் பனி பிடித்து, மற்ற இடம் வெறுமையாக இருக்கும். இதை நேரில் பார்க்காமல் கேஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். பனியைக் கத்தி கொண்டு குத்தவும் கூடாது. இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் உள்ள ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், எரியக்கூடிய வாயு. காயிலில் ஓட்டை விழுந்தால் ஆபத்து. கதவைத் திறந்துவைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டோம். உருகி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

ஹீட்டரின் மின்தடையை மல்டிமீட்டரில் பார்த்தேன். 265 ஓம். 200 வாட் ஹீட்டருக்கு அதுதான் கணக்கு. சூடு மீறினால் மின்சாரத்தை அறுத்துவிடுகிற, ஹீட்டரோடு சேர்ந்த தெர்மல் ஃப்யூஸும் நன்றாகவே இருந்தது. இரண்டில் எது அறுந்திருந்தாலும் மீட்டர் எதுவும் காட்டியிருக்காது. மிச்சம் சென்சார்.

அதைக் கழற்றி அளந்தபோது 3.2 கிலோ ஓம். 25 டிகிரியில் 5 கிலோ ஓம் காட்ட வேண்டிய வகை அது. அடுக்களையில் 32 டிகிரி இருந்ததால் 3.7 காட்டியிருக்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி அளவுதான் பிசகு. இங்கேதான் பலரும் "சென்சார் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டு போர்டை மாற்றச் சொல்வார்கள். அறைச் சூட்டில் அளந்து சென்சாருக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது. அது வேலை பார்க்கிற குளிரில் அளக்க வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கலக்கி ஐந்து நிமிடம் வைத்தால் அது 0 டிகிரியில் நிற்கும். உப்பு மட்டும் படக் கூடாது, பட்டால் இன்னும் கீழே இறங்கிவிடும். சென்சாரை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐஸுக்கு நடுவில் இறக்கினேன். 0 டிகிரியில் 16 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். அது 10-இல் நின்றுவிட்டது. இந்த வகைச் சென்சாருக்கு 10 கிலோ ஓம் என்றால் 10 டிகிரி. பனி உருகத் தொடங்கும்போதே "எல்லாம் உருகிட்டு" என்று அது போர்டிடம் சொல்லியிருக்கிறது. ஹீட்டர் பாதியிலேயே அணைந்திருக்கிறது.

குளிரில் மட்டும் ஏன் இவ்வளவு பிசகு? சென்சாரை மூடியிருக்கும் பிசினில் நுண்ணிய விரிசல் விழுந்து ஈரம் இறங்கினால், உள்ளே மின்சாரத்துக்கு ஒரு கள்ளவழி உண்டாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இங்கே அந்த வழியின் தடை 26 கிலோ ஓம் வருகிறது. அறைச் சூட்டில் சென்சாரின் சொந்தத் தடை 3.7 தான், மின்சாரத்தில் பெரும்பகுதி அதன் வழியாகவே போய்விடும். குளிரில் சொந்தத் தடை ஏற ஏற, மின்சாரம் கள்ளவழிக்குத் திரும்பிவிடுகிறது. மைனஸ் 20 டிகிரியில் 52 கிலோ ஓம் காட்ட வேண்டிய சென்சார் 17 தான் காட்டும். அதாவது நல்ல உறைகுளிரிலும் 0 டிகிரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கம்பி முழுக்க அறுந்திருந்தால் பல மாடல்களில் விளக்கு மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படி அரைகுறையாகப் பேசுகிற சென்சாரைப் போர்டால் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டிக்கரில் உள்ள மாடல் நம்பரைச் சொல்லிப் புதுச் சென்சார் வாங்கினோம். கடையில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் 10 கிலோ ஓம் சென்சாரும் கிடைக்கும், அதைப் போட்டால் கணக்கு முழுதும் தப்பிவிடும். புதியதை அதே ஐஸ் டம்ளரில் இறக்கினேன், 16.3. பழையது இருந்த அதே இடத்தில், அதே கிளிப்பில் மாட்டினேன். கீழே தள்ளி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் நல்ல சென்சாரும் அவசரப்பட்டுவிடும்.

மூன்றாம் நாள் மைனி மறுபடி கூப்பிட்டார். "தம்பி, ராத்திரி உள்ள சுர் சுர்னு சத்தம் கேக்கு. எதுவும் கருகுதா?"

உருகிய சொட்டு சூடான ஹீட்டரில் விழும் சத்தம் அது. பின்னால் தட்டைப் பார்க்கச் சொன்னேன். போனை வைக்காமலே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தண்ணி கெடக்கு தம்பி."