தியானத்துல உடம்பு காணாம போறது எப்படி?

10 நாள் விபாசனா (புத்த மரபுல வர்ற ஒரு தியான முறை) வகுப்புல ஏழாவது நாள் சாயங்காலம், ஒரு மணி நேரம் கை கால் அசைக்காம உக்கார்ற அதிட்டானம், பாதி நேரம் தாண்டியிருக்கும், மடியில வச்சிருந்த ரெண்டு கையும் காணாம போச்சு. மரத்துப்போறது வேற, மரத்துப்போனா அந்த இடம் கட்டை மாதிரி கனமா தெரியும். இது அப்படி இல்ல, கை எங்க முடியுது, துணி எங்க ஆரம்பிக்குதுன்னே பிடிபடல, கொஞ்ச நேரத்துல தோளு, முதுகு, முகம்னு எல்லாமே கரைஞ்சு மெல்லிசா ஒரு அதிர்வு மட்டும் மிச்சம் இருந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவ்வளவு நிம்மதியை நான் அதுக்கு முன்னாடி அனுபவிச்சதே இல்ல.

இதை பங்கம்னு சொல்லுவாங்க, பழைய பௌத்த நூல்களோட மொழியான பாலியில கலைஞ்சு போறதுன்னு அர்த்தம். மௌனம் முடிஞ்ச பத்தாவது நாள் பக்கத்துல உக்காந்திருந்த பெரியவர்கிட்ட இதை சொன்னேன். "தம்பி, நீங்க உணர்ந்தது கலாபம், அதாவது அணுக்களோட அதிர்வு, குவாண்டம் இயற்பியல் இப்போ சொல்றதை புத்தர் அன்னைக்கே உடம்புல பார்த்துட்டார்"னு ரொம்ப பிரியமா சொன்னார். கலாபம்ங்கிறது அபிதம்மம்ங்கிற பௌத்த தத்துவ மரபுல வர்ற வார்த்தை, பொருளோட மிகச்சின்ன கூறு. எனக்கு அப்போ மறுத்துப்பேச தோணவே இல்ல, ஏன்னா அது உண்மைன்னு எனக்கே உறுதியா பட்டுச்சு. அந்த உறுதி எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல அணு விஷயம். விரல் நுனியில ரெண்டு ஊசிமுனையை கிட்டக் கிட்ட வச்சா, சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாத்தான் ரெண்டுன்னு தெரியும், அதுக்கும் கிட்ட போனா ஒரே முனையாத்தான் தோணும். முதுகுல அதே இடைவெளி 4 சென்டிமீட்டர் வரைக்கும் போகும். அந்த 2 மில்லிமீட்டருக்குள்ள அணுக்களை வரிசையா அடுக்கினா ஏறக்குறைய 2 கோடி அணு நிக்கும். நரம்புக்கு எட்டாத ஒண்ணை கவனம் எவ்வளவு கூர்மையா இருந்தாலும் உணர முடியாது, நமக்கு வந்து சேர்ற சேதியே நரம்பு வழியாத்தான் வருது.

அப்போ அந்த அதிர்வு என்ன? இப்பவே வலது கை ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் அசைக்காம ஒரு அரை நிமிஷம் கவனிச்சுப் பாருங்க. லேசா ஒரு குறுகுறுப்பு, ஒரு துடிப்பு, ஒரு வெதுவெதுப்பு ஏதாவது ஒண்ணு வரும். தியானமே பண்ணாதவங்களுக்கும் இது வருதுன்னு சோதிச்சுப் பார்த்திருக்காங்க. தோலுக்கடியில ரத்தம் ஓடிக்கிட்டுதான் இருக்கு, நரம்புகள் சும்மா இருக்கும்போதும் அப்பப்போ சிக்னல் அனுப்பிக்கிட்டுதான் இருக்கு, மூளை அதையெல்லாம் தேவையில்லாத சத்தம்னு ஒதுக்கி வச்சிருக்கும், நாம கவனத்தை அங்க கொண்டுபோனதும் வால்யூமை கூட்டின மாதிரி அதெல்லாம் மேல வந்துருது. பத்து நாள் தினமும் பத்து மணி நேரத்துக்கு மேல இதையே பண்ணினா உடம்பு முழுக்க அந்தக் குறுகுறுப்பு ஓடறதுல ஆச்சரியமே இல்ல.

கரைஞ்சு போனதுக்கு காரணம் வேற, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. 1804ல ட்ராக்ஸ்லர்னு ஒரு சுவிஸ் மருத்துவர் ஒண்ணைக் கவனிச்சார். சுவத்துல ஒரே ஒரு புள்ளியை கண்ணை அசைக்காம பார்த்துக்கிட்டே இருந்தா, ஓரத்துல இருக்கிற மங்கலான விஷயங்கள் அரை நிமிஷத்துக்குள்ள மறைய ஆரம்பிக்கும். பொருள் அங்கயேதான் இருக்கு, நரம்புக்கு அதுல புதுசா எதுவும் கிடைக்கல, அதனால சேதி அனுப்பறதைக் குறைச்சிருது. மாறாததை மறைச்சுட்டு மாறுறதை காட்டுறதுதான் நரம்போட இயல்பு. காலையில போட்ட சட்டை உடம்புல இருக்குன்னு மத்தியானம் நமக்கு தெரியிறதில்ல, அதே கதைதான்.

உடம்பு எங்க இருக்கு, என்ன அளவு, எங்க முடியுதுங்கிறது எல்லாமே மூளை நொடிக்கு நொடி போட்டுக்கிட்டு இருக்கிற ஒரு வரைபடம். தோலு, தசை, மூட்டுல இருந்து வர்ற சேதியை வச்சு அது வரையுது. பல் டாக்டர் மரத்துப்போற ஊசி போட்டதும் உதடு வீங்கி இவ்வளவு பெருசா ஆன மாதிரி தோணுமே, கண்ணாடியில பார்த்தா சாதாரணமாத்தான் இருக்கும். சேதி நின்னுபோனதும் வரைபடம் குழம்பிருது. 1998ல பாட்வினிக், கோஹன்னு ரெண்டு ஆய்வாளர்கள் பண்ணின ரப்பர் கை சோதனை இன்னும் ஒரு படி மேல போச்சு: நிஜக் கையை ஒரு தடுப்புக்குப் பின்னாடி மறைச்சு, கண்ணு முன்னாடி ஒரு ரப்பர் கையை வச்சு, ரெண்டையும் ஒரே நேரத்துல பிரஷ்ஷால தடவினா கொஞ்ச நேரத்துல அந்த ரப்பரே என் கைதான்னு மனசு எடுத்துக்குது. இப்போ அதிட்டானத்தை நினைச்சுப் பாருங்க, கண்ணு மூடியிருக்கு, ஒரு மூட்டு கூட அசையல, தோலுல புதுசா எதுவும் படல, வரைபடம் போடுறதுக்கு மூளைகிட்ட கோடே இல்ல, அப்போ ஓரம் அழியத்தான் செய்யும்.

'நான்'னு நிலையா எதுவும் இல்ல, அது சேர்க்கையா உருவாகுறதுன்னு அநாத்மா பத்தி புத்தர் சொன்னதோட இது எவ்வளவு நல்லா ஒத்துப்போகுது பாருங்க. அணுவை இழுத்துக்கிட்டு வரவே தேவையில்லாம நிக்குற விஷயம் இது.

வலியும் அப்படித்தான். பாலி நூல்கள்ல ரெண்டு அம்பு உவமை ஒண்ணு வருது, முதல் அம்பு உடம்புல தைக்கிற வலி, அதை நினைச்சு நாமளே குத்திக்கிற வேதனை ரெண்டாவது அம்பு. 2011ல வெளிவந்த ஒரு ஆய்வுல ஜென் தியானம் பழகினவங்களுக்கு காலுல சூடு வச்சு மூளையை ஸ்கேன் பண்ணினாங்க. வலியை பதிவு பண்ணுற பகுதிகள் மத்தவங்களை விட அதிகமாவே வேலை செஞ்சுச்சு, ஆனா அதை எடைபோட்டு கதை கட்டுற முன்மூளைப் பகுதிகள் அடங்கியிருந்துச்சு. முதல் அம்பு தைக்குது, ரெண்டாவது வரல. ஆள் எண்ணிக்கை குறைவு, அதனால இதை முடிஞ்ச முடிவுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா முட்டி வலியில உக்காந்து பார்த்தவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

தியானத்தால மூளையே வளருதுன்னு சுத்துற செய்தியை மட்டும் விட்டுருங்க. 2022ல 218 பேர் தரவை வச்சு வந்த ஆய்வுல, 8 வாரப் பயிற்சிக்கு அப்புறம் மூளை அமைப்புல ஒப்பீட்டுக் குழுவை விட எந்த வித்தியாசமும் தெரியல. உடம்பு கரையிறது எல்லாருக்கும் சுகமா இருக்காது, சிலருக்கு பயம் பிடிச்சு வாரக்கணக்கா விடாம இருந்திருக்கு, அப்படி ஆனா பயிற்சியை நிறுத்திட்டு டாக்டரைப் பார்க்கணும், பொறுத்துக்கிட்டு உக்கார்றது தைரியம் இல்ல.

சரி, அந்த உறுதி. இந்த மாதிரி அனுபவங்கள்ல 'இதுதான் உண்மை, எனக்கு புரிஞ்சிருச்சு'ன்னு ஒரு அறிவு கிடைச்ச உணர்வும் சேர்ந்தே வருதுன்னு 1902லயே வில்லியம் ஜேம்ஸ்ங்கிற அமெரிக்க உளவியலாளர் எழுதிட்டார். வலிப்பு நோய் உள்ள ரொம்ப சிலருக்கு இன்சுலாங்கிற மூளைப் பகுதியில வலிப்பு தொடங்கும்போது சில நொடி இதே தெளிவும் பரவசமும் வருது, அந்த இடத்துல மின்சாரம் கொடுத்தும் வரவச்சிருக்காங்க. அதனால அனுபவம் பொய்னு ஆகாது. உறுதிங்கிறதும் பசி, குளிர் மாதிரி ஒரு உணர்வு, அது வந்ததை மட்டும் வச்சு வெளியுலகம் எப்படி இருக்குன்னு முடிவு பண்ண முடியாது, அவ்வளவுதான்.

புத்தரோட காலாம சூத்திரம்ங்கிற உபதேசத்துல கேள்விப்பட்டதாலயோ, நூல்ல இருக்குறதாலயோ, குரு சொன்னதாலயோ ஏத்துக்காதீங்க, நீங்களே அறியுங்கன்னு வருது. இதை எடுத்துச் சொல்றவங்க பெரும்பாலும் அடுத்த வரியை விட்டுருறாங்க. அங்க சோதிக்கச் சொல்றது பேராசை, வெறுப்பு, மதிமயக்கம் இதெல்லாம் மனுஷனுக்கு நல்லது பண்ணுதா கெடுதல் பண்ணுதான்னு. கோபத்தோட ஒரு நாள் இருந்து பார்த்தா அது நம்மள என்ன பண்ணுதுன்னு நமக்கே தெரிஞ்சிரும், அதுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். பொருள் எதால ஆனதுங்கிறதுக்கு கண்ணை மூடி உக்காந்தா பதில் வராது.

கருவி வச்சு பார்க்க வேண்டியதை கருவி வச்சே பார்த்திருக்காங்க. திபெத்திய மரபுல துக்தம்னு ஒரு நிலை உண்டு, துறவி இறந்தப்புறமும் சில நாள் உடம்பு அழுகாம தியானத்துலயே இருக்கார்னு நம்புறாங்க. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் டேவிட்சன் குழு, தலாய் லாமாவோட ஆதரவோட, இந்தியாவுல அப்படி 13 பேருக்கு இஇஜி, அதாவது மூளையோட மின்செயல்பாட்டை அளக்குற சோதனை, எடுத்துச்சு. 2021ல வந்த முடிவு: மூளையில எந்த மின்செயல்பாடும் தெரியல. இறந்து 26 மணி நேரம் ஆகுறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கும் அளக்க முடியல, அதையும் அவங்களே எழுதியிருக்காங்க. எதிர்பார்த்தது கிடைக்கலன்னு மறைக்காம வெளியிட்டதுதான் எனக்கு பெருசா தெரியுது. மூளைக்கு அப்பாற்பட்ட நுண்ணிய பிரக்ஞை ஒண்ணு இருக்குன்னு பதில் சொல்றவங்க உண்டு, ஆனா எந்தக் கருவியிலும் சிக்காதுன்னு சொன்னதும் அது சோதிக்க முடியாத பேச்சா போயிருது. மூளை வேலை செய்யும்போது ஏன் உள்ளுக்குள்ள ஒரு உணர்வுன்னு ஒண்ணு இருக்கணும்ங்கிற கேள்வி மட்டும் விஞ்ஞானத்துக்கும் இன்னும் பிடி கொடுக்கல.

நான் இன்னும் தினமும் உக்கார்றேன். இன்னைக்கு காலையிலயும் நாப்பது நிமிஷம் போல ஆனதும் கை ரெண்டும் கரைஞ்சுச்சு. இடது கை சுண்டு விரலை மட்டும் ஒரு மயிரிழை அசைச்சேன். முதல்ல அந்த விரல் வந்துச்சு, அடுத்த நொடியே பக்கத்து விரல்கள், உள்ளங்கை, மணிக்கட்டுன்னு முழுக் கையும் திரும்பி வந்து மடியில உக்காந்துச்சு. வலது கை அப்பவும் இல்ல.