ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள், தயவுசெய்து

இந்த மாதத்தில் இது நான்காவது வீடு. கோவையில் ஒரு அபார்ட்மெண்ட், இருப்பதே மூன்று பேர், கரண்ட் பில் எகிறிவிட்டது, எங்காவது கரண்ட் கசிகிறதா பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போகிறேன், பாத்ரூம் வாட்டர் ஹீட்டர் சுவிட்சில் சிவப்பு லைட் எரிகிறது, வெப்பத் திருகு 75-இல் நிற்கிறது. "சூடானதும் அதுவே கட் ஆகிடுமே தம்பி" என்றார் அந்த அம்மா.

கட் ஆகும். மறுபடி போட்டுக்கொள்ளவும் செய்யும், அதை யாரும் யோசிப்பதில்லை. பிளாஸ்கில் ஊற்றிய காபியே சாயங்காலத்துக்குள் ஆறிப்போகிறது, ஹீட்டர் தொட்டி மட்டும் ஆறாதா? ஆறும், உடனே தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பார்த்து கரண்டைப் போட்டு அணைக்கும் கருவி, கரண்டை இழுத்துச் சூடேற்றும், திரும்ப ஆறும், யாருமே குளிக்காத வீட்டில் நாள் முழுக்க இதே கதைதான். சும்மா நிற்கும்போது எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான் ஹீட்டருக்கு ஸ்டார் கொடுக்கிறார்கள். அஞ்சு ஸ்டார் வாங்கினாலும் இழப்பு குறையுமே தவிர நிற்காது. திருகை எவ்வளவு ஏற்றி வைக்கிறீர்களோ அவ்வளவு வேகமாகச் சூடு வெளியே போகும்.

25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு யூனிட், 2 கிலோவாட் ஹீட்டரில் அரை மணி நேரம். ஒரு பக்கெட் குளியலுக்கு ஏழெட்டு லிட்டர் சுடுதண்ணீர் போதும், மிச்சம் பச்சைத் தண்ணீர் விளாவிக்கொள்வதுதானே. அப்படியானால் மூன்று பேர் அடுத்தடுத்துக் குளிக்க ஒரு தொட்டி! ஷவர் என்றால் கணக்கே வேறு, கீழே பக்கெட் வைத்து ஒரு நிமிடம் திறந்துவிட்டுப் பாருங்கள், தெரியும்.

அந்த வீட்டு ஹீட்டரில் தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டைக் கழற்றினேன். போர் தண்ணீர், சுண்ணாம்பு அப்பிய விறகுக்கட்டை மாதிரி வெளியே வந்தது, தொட்டியைக் கவிழ்த்ததும் வெள்ளைச் சில்லுகள் கலகலவென்று பக்கெட்டில் கொட்டின. சூடு கூடக் கூட உப்பு அதிகமாகப் படியும். அதனால் 60-ஐத் தாண்டாதீர்கள், போர் தண்ணீர் வீடு என்றால் வருடம் ஒருமுறை கழுவிவிடுங்கள். குழாயைத் திறந்ததும் முதலில் வரும் ஆறின தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பக்கெட்டில் பிடியுங்கள். சுடுதண்ணீர்க் குழாய் சொட்டினால் இன்றே வாஷரை மாற்றுங்கள், தண்ணீரும் கரண்டும் சேர்ந்தே ஒழுகுகிறது.

அப்புறம் ஒன்று. சூடேறும்போது, அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் சேஃப்டி வால்வில் நாலு சொட்டு விழும், தண்ணீர் வீணாகிறதே என்று அதில் பிளக் போட்டு அடைக்கிறார்கள். தெர்மோஸ்டாட் பழுதாகி அழுத்தம் ஏறினால் தொட்டியே வெடிக்கும்! கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அடைக்காதீர்கள். அந்தச் சொட்டை ஒரு மக் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே அடைத்திருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், அவர் வந்து பார்க்கும்வரை போடாதீர்கள்.